அடுத்த மாசத்துக்காரர்

என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் பக்கத்து முறையில் சொன்னால் என் மச்சாண்டார், பல் தேய்க்கும்போதே பட்ஜெட் போடுவார். பிரஷ்ஷின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பேஸ்ட்டைப் பிதுக்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பேஸ்ட்டு செலவு ஓவரா போவுதும்மா, அடுத்த மாசத்துல இருந்து டைட் பண்ணிடலாம்" என்பார். வாயில் நுரையோடு சொல்வதால் பாதிதான் காதில் விழும். கேட்காவிட்டாலும் குறைவில்லை. சாயங்காலத்துக்குள் அதையே இன்னும் பல தடவை சொல்வார்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் ஊரப்பாக்கத்தில் பாதிப் பேர், "அட, எனக்கும் தரணுமே அந்த ஆளு" என்று கிளம்பி வந்துவிடுவார்கள். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து வருஷங்கள் ஆகின்றன. இருந்தாலும் யாராவது "டைட்" என்று சொன்னால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

மறைமலை நகரில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனையில் இருந்தார். வருகிறவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு நாளைக்கு இன்னா சார் ஆவப்போவுது, ரெண்டு டீ காசு" என்று சொல்லித் தவணையில் தலையாட்ட வைப்பதில் கெட்டிக்காரர். தினமும் அதையே சொல்லிச் சொல்லி ஒருநாள் அவரே அதை நம்பிவிட்டார். புல்லட் ஒன்றைத் தவணையில் எடுத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே அதிர்ந்தது. மாமனார் மட்டும் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டியூ எவ்ளோடா?" என்று கேட்டார். "அத்த வுடுப்பா, பாத்துக்கலாம்" என்றார் இவர். கடைசியில் பார்த்துக்கொண்டது யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்கும் பேச்சு வந்தால், "அடுத்த தை" என்பார். தை வந்ததும் அடுத்த தைக்குப் போய்விடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத் தம்பிக்கு முதலில் முடித்தார்கள். அதனால்தான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளும் நானே, இளைய மருமகளும் நானே. "நான்தாம்மா உன் வூட்டுக்காரனுக்கு வழி வுட்டவன்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். வழி விட்டதற்குக் கூலியாகத் தினமும் என் கையால் நாஸ்தா.

மாமனார் அரசாங்க ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பென்ஷன் விழுந்த மறுநாள் அத்தையை, அதாவது என் மாமியாரை, கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டு பேங்குக்கு நடந்து போய்ப் பணம் எடுத்துவருவார். வாடகை, கரன்ட்டு, பால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் மடித்த நோட்டுகளைப் பெரிய மகன் கையில் திணித்து, "இந்தா, வெச்சிக்கோ" என்பார். புல்லட் தவணைக்கு என்று அவரும் சொல்ல மாட்டார், இவரும் கேட்க மாட்டார். நோட்டு பைக்குள் போனதும், "அடுத்த மாசத்துல இருந்து நானே கட்டிக்கிறேம்பா" என்று ஒரு வார்த்தை மட்டும் வெளியே வரும். மாமனார் அதற்குள் செருப்பைக் கழற்றப் போயிருப்பார்.

அந்த மனுஷன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வளவுதான்.

அழுதது எல்லோரும்தான். ஆனால் அழுதுகொண்டே ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ தேடியது மச்சாண்டார் ஒருவர்தான். என் வீட்டுக்காரர், "சின்னதா ஒண்ணு போதும்ணா" என்றார்.

"டேய் தம்பி, அப்பா இன்னா சின்ன ஆளா? மூணு அடிக்கிறோம். தெருமுனைல ஒண்ணு, ரேஷன் கடைகிட்ட ஒண்ணு, பேங்குக்கு எதுத்தாப்புல ஒண்ணு. அங்கதான் கூட்டம் நிக்கும்."

வந்தது. கண்ணீர் அஞ்சலி. மேகத்துக்கு நடுவில் மாமனார், ஆயுளில் போடாத கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். கீழே வலது மூலையில் கைகூப்பியபடி மச்சாண்டார். துக்கத்தில் எடுத்த படம் கைவசம் இல்லையாம், ஷோரூமில் சிறந்த விற்பனையாளர் பரிசு வாங்கியபோது எடுத்ததை வெட்டி ஒட்டிவிட்டார்கள். பல் மொத்தமும் தெரிந்தது.

காரியத்தன்று அத்தை கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினார்கள். சரடும் குண்டுமணியுமாக நல்ல கனமான பொன். மாமனார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுகச் சிறுகச் சேர்த்து எடுத்தது. அத்தை அதைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் ஃப்ளெக்ஸ்காரரும் சமையல்காரரும் வாசலில் வந்து நிற்க, மச்சாண்டார் நேராக அம்மாவிடம் போனார்.

"அம்மா, அது சும்மாதானே கீது. வெச்சிட்டு அடுத்த மாசம் திருப்பிடலாம்."

சும்மாதானே கீது! அத்தை தலையணையைத் தூக்கினார். முடிச்சை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பொன் அடகுக்கடைக்குப் போனது.

அடுத்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கமிட்டி கூடியது. மாமனாரின் பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சாண்டார் உட்கார்ந்தார். கையில் செல்போன், அதில் எக்செல். நாங்கள் மூன்று பேரும் தரையில்.

"இனிமே இந்த வூட்டுக்கு ஒரு சிஸ்டம் வேணும். அப்பா இருந்தாரு, கண்டுக்கல. இப்ப நாமதான் கண்டுக்கணும்" என்று ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பால் ஒரு பாக்கெட் குறைப்பு. எனக்கு ஷாம்பு பாட்டில் கிடையாது, சாஷே. அத்தைக்கு சீரியல் பார்க்கும்போது ஃபேன் கிடையாது. தம்பி ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போகக்கூடாது, நடந்தால் உடம்புக்கும் நல்லது. இதெல்லாம் "ஆடம்பரம்" என்ற தலைப்பில் வந்தது. "அத்தியாவசியம்" என்ற தலைப்பில் முதல் வரியே புல்லட்.

"அது எப்பிடி மாமா அத்தியாவசியம்?" என்றேன்.

"ஷோரூம்ல வேல பாக்குறவன் பஸ்ல போயி எறங்கினா எவம்மா வண்டி வாங்குவான்?"

வரவுப் பக்கத்துக்கு வந்தார். தம்பி சம்பளம். என் தையல் காசு. அவர் சம்பளம், அதற்குப் பக்கத்தில் "இன்சென்டிவ் வந்தால்". கடைசியாக, அப்பா பென்ஷன்.

"அப்பாதான் இல்லியே மாமா" என்றேன்.

"அப்பா இல்லம்மா. பென்ஷன் கீதே."

என் வீட்டுக்காரர்தான், "அண்ணா, பேங்குல போயி சொல்லிடணும். அம்மா பேருக்கு மாத்தணும். அப்பறம் பேஜாராயிடும்" என்றார்.

"அம்மா பேருக்கு மாத்தினா பாதிதான்டா வரும். இப்ப முழுசா வந்துகினு கீது. வர்றத நாமளே போயி ஏன்டா நிறுத்தணும்? கொஞ்சம் கடன அடைச்சிட்டு, அடுத்த மாசம் சொல்லிக்கலாம்."

ஊர் பூராவும் மூன்று இடத்தில் ஃப்ளெக்ஸ் கட்டி அப்பா செத்ததை அறிவித்தவர், பேங்குக்கு மட்டும் அது ரகசியம் என்று முடிவு செய்துவிட்டார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மாமனாரின் ஏடிஎம் அட்டை மச்சாண்டாரின் பர்சுக்குப் போனது.

அவர் சிக்கனத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விலை கேட்டுவிட்டுக் கொதித்துப்போய் வந்தார். "இவனுங்க கோவளத்துல பாதி வெலைக்கு வாங்கியாந்து நம்ம தலைல கட்றானுங்க. நாமளே கோவளம் போவோம். மிச்சம்." புல்லட்டில் அவரும் அத்தையும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மொபெட்டில் நாங்களும். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, வழியில் இரண்டு வண்டிக்கும் பெட்ரோல் போட்டு, கரையில் போய் இறங்கினோம். அங்கே மீன் விற்கிற அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, புல்லட்ல வந்து எறங்கிட்டு அர கிலோ சங்கராவுக்கு இந்தப் பேச்சு பேசுற?"

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முழு வஞ்சிரம் ஒன்றை வாங்கினார். வெட்டி முடிக்கிற வரைக்கும் பசிக்குமே என்று ஈசிஆரில் ஏசி ஓட்டலுக்கு எல்லோரையும் கூட்டிப்போய் இறால் வறுவலும் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தார். கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்து பல் குத்தியபடி, "மீன்ல மட்டும் எவ்ளோ மிச்சம் பாத்தியா தம்பி" என்றார். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அவர் மதித்த ஒரே கண்டுபிடிப்பு மினிமம் டியூ, கடன் முழுசையும் கட்டாமல் மாசம் கொஞ்சம் மட்டும் கட்டித் தள்ளிப்போடுகிற வழி. "மினிமம் டியூ கட்டினா அவன் கடன்காரனே இல்லம்மா, அவன் கஸ்டமர்" என்பார். இந்தக் கார்டின் மினிமத்தை அந்தக் கார்டில் எடுத்துக் கட்டுவார். அந்தக் கார்டின் மினிமத்துக்குப் போனில் ஏதோ ஆப்பில் கடன் வாங்குவார். ஆப்காரன் கூப்பிட்டு அசிங்கமாகத் திட்டினால், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "டென்ஷன் ஆவாத தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்பார். அவன் சாப்ட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி திட்டுவான்.

கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்குக் குடல்வால் வெடிக்கிற மாதிரி ஆகி, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கட்டுக் காசோடு ஓடி வந்தது இவர்தான். எங்கே வாங்கினார், எத்தனை வட்டி, ஒன்றும் சொல்லவில்லை. நாள் பூரா வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு வாங்கிய இளநீரோடு பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் ஒன்று வாங்கி வந்தார். அந்தக் கடனைக் கடைசியில் நாங்கள்தான் கட்டினோம், அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு அவர் அடுத்த மாசம் என்று சொல்லவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மாசம் மாமனாரின் ஏடிஎம் அட்டையைச் செருகினால் மிஷின் பணம் தரவில்லை. மச்சாண்டாருக்கு மிஷின் மேல் கோபம். "வாம்மா, பேங்குல ஒரு சத்தம் போட்டுட்டு வரலாம்" என்று என்னையும் அழைத்தார். பொம்பளை கூட இருந்தால் மரியாதையாகப் பேசுவார்களாம்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன வயசுப் பையன் இருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அக்கவுன்ட்காரர் வரலையா சார்?" என்றான்.

"அப்பாவுக்கு ஒடம்பு முடில சார். படுத்துகினு கீறாரு."

பையன் பேனாவைக் கீழே வைத்தான். வாசல் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே கையைக் காட்டினான். "அங்க தொங்கறாரே சார், அவரா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். எதிரே கரன்ட்டுக் கம்பத்தில், ஒரு மூலை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டு, மேகத்துக்கு நடுவில் கோட்டுப் போட்ட மாமனார்.

"கீழ சிரிக்கிறது நீங்கதான சார்?" என்றான் பையன்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மச்சாண்டார் சீப்பை எடுத்துத் தலைவாரினார். கையும் களவுமாக மாட்டினால் அவர் அதைத்தான் செய்வார். வெளியே வந்து, ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இத்தினி மாசம் வெயில்ல தொங்கியும் கலர் போவல பாத்தியாம்மா. நல்ல பிரிண்டு."

அதற்கப்புறம்தான் உண்மையான பட்ஜெட் வந்தது. செத்த பிறகு எடுத்த பென்ஷன் அவ்வளவையும் அத்தைக்கு வரப்போகிற பணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்றார்கள். அத்தை பேருக்கு மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். சொந்தத்திலும் தெருவிலும் ஒருவர் விடாமல், "உங்க ஃப்ளெக்ஸே உங்களக் காட்டிக் குடுத்துடிச்சாமே" என்று சிரித்தார்கள். மாசக்கணக்கில் ஒரு பைசா வரவில்லை. என் வீட்டுக்காரர் சம்பளத்தில் வாடகை போனது, என் தையலில் அரிசி வந்தது. காபி நின்றது. கமிட்டி கூடவில்லை.

அடகுக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். வட்டி ஒரு தடவைகூடக் கட்டவில்லை, தை முடிவதற்குள் திருப்பாவிட்டால் பொன் ஏலத்துக்குப் போய்விடும் என்றார். மச்சாண்டாருக்கு உடனே யோசனை. இன்னொரு ஆப்பில் எடுத்து இதைத் திருப்பி, வேறு கடையில் அதிகத்துக்கு வைத்து, அந்த அதிகத்தில் ஆப்பை அடைத்து...

"வேணாம்" என்றார் அத்தை. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகனை எதிர்த்து அவர் முதல் முதலாகப் பேசியது அதுதான். "வேற எது போனாலும் போவட்டும். அது மட்டும் போவக்கூடாது. அது அவரு கட்டினது."

அந்தத் தை மாசம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிய ஒரு வாரம் இருக்கும்போது அத்தை பேருக்குக் குடும்ப பென்ஷன், நிலுவையோடு, கழித்தது போக வந்து விழுந்தது. நானும் அத்தையும் பேங்குக்குப் போனோம். வெளியே புல்லட்டில் சாய்ந்துகொண்டு மச்சாண்டார் காத்திருந்தார்.

"அம்மா, அதுல புல்லட்டுக்கு ரெண்டு டியூ மட்டும் கட்டிட்டா, மீதிய..."

அத்தை நிற்கவே இல்லை. ரோட்டைத் தாண்டி நேராக அடகுக்கடைப் படியேறினார். பணத்தை வைத்தார், பொன்னை வாங்கினார், முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார். திரும்பி வரும்போது மகன் வண்டியில் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதற்கடுத்த வாரம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து புல்லட்டை எடுத்துப்போனார்கள். சண்டை போடுவார் என்று நினைத்தேன். தலைவாரிக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்து, "கிளட்ச்சு கொஞ்சம் டைட்டா கீதுப்பா, பாத்து ஓட்டு" என்றார். அவர் வாழ்க்கையில் டைட்டாக இருந்தது அந்தக் கிளட்ச் ஒன்றுதான். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தார். உள்ளே வந்து மாமனார் நாற்காலியில் உட்காரப் போனவர், என்ன தோன்றியதோ, தரையில் உட்கார்ந்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு அத்தையோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "எல்லாம் அந்த ஃப்ளெக்ஸால வந்தது அத்த. அது மட்டும் பேங்குக்கு எதுர்ல இல்லன்னா அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அத்தை புடவையை உதறினார். "ஃப்ளெக்ஸப் பாத்து எவன்டி கண்டுபுடிப்பான்? ரோட்டுல நூறு தொங்குது. நான்தான் போயி அந்தப் பையன்கிட்ட, தோ தொங்கறாரு பாரு, அவருதான் எங்கூட்டுக்காரருன்னு கை காட்டினேன்."

"நீங்களா? பணம் நின்னுடும்னு தெரியாதா?"

"தெரியும். ஏலத்துக்குப் போயிடுமோன்னு எனக்கும் அடிவயித்துல நெருப்புதான்." உதறிய புடவையை மடித்து வைத்தார். "ஊரே கூடித் தாலிய அவுத்தாங்க. பேங்குல மட்டும் அவர உசுரோட வெச்சிகினு இவன் காசு வாங்கினு கீறான். செத்தும் அந்த மனுசன் இவனுக்கு டியூ கட்டணுமா? அவரு காசு வர்ற வரிக்கும் இவனுக்கு அடுத்த மாசம் வந்துகினேதான்டி இருக்கும்."

மச்சாண்டாருக்கு இது கடைசி வரைக்கும் தெரியாது. ஃப்ளெக்ஸ்தான் காரணம் என்றே நம்பினார். "நம்ம அப்பா ஃப்ளெக்ஸு அவ்ளோ பவரு" என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புல்லட் இல்லாமல் ஷோரூமுக்குப் போக வெட்கப்பட்டு, கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தார். பிறகு மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சூப்பர்வைசர் வேலை, தங்க இடம், சாப்பாடு என்று கிளம்பிப்போனார். ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். முதல் மாசச் சம்பளத்துக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கறுத்து இளைத்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து அத்தை கையில் திணித்தார்.

"இந்தா, வெச்சிக்கோ."

மாமனார் குரலே கேட்ட மாதிரி இருந்தது. அத்தை நோட்டுகளைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சாண்டார் செருப்பை மாட்டினார். வாசல்படி தாண்டியவர், திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"அம்மா, அதுல ஒரு இருநூறு மட்டும் குடு. ஆட்டோல போயிக்கிறேன். அடுத்த மாசத்துல இருந்து..."

அத்தை நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நடந்து போ" என்றார். "ஸ்டேசன் கிட்டத்துலதான் கீது."